அறுபதாவது கையெழுத்து

மரியே வாழ்க

புதுவாழ்வு நகர்,
கும்மிடிப்பூண்டி.
நவம்பர் 9

என் செல்ல மகள் மோனிகாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளை ஜெரினும் மஸ்கட்டில் நோய்நொடி இல்லாமல் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நானும் உன் அப்பாவும் உடம்பளவில் சுகம்தான், மனசளவில் நான் எப்படி இருக்கிறேன் என்று சொல்லத்தான் இத்தனை தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். உன் அப்பாவுக்கு போனை ஸ்பீக்கரில் போடாமல் பேசத் தெரியாது. பக்கத்து வீட்டில் குடியிருப்பது சங்கச் செயலாளர் தணிகைவேலின் அக்கா. நாம் பேசுகிற பேச்சு சுவருக்கு அந்தப் பக்கம் போய் அரை மணி நேரத்தில் தெரு முழுக்கச் சுற்றிவிட்டு நம் வாசலுக்கே திரும்பி வருகிறது. வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால் என் போனை என்னைவிட உன் அப்பாதான் அதிகம் பார்க்கிறார். அதனால்தான் வியாழக்கிழமை மஸ்கட்டுக்குத் திரும்புகிற அருணாவின் மருமகன் கையில், கருவாடும் ஊறுகாயும் கொடுக்கிற சாக்கில் இதையும் கொடுத்தனுப்புகிறேன். கருவாடு பழவேற்காட்டுச் சரக்கு, நன்றாகக் காய்ந்தது, நாற்றம் வெளியே வராதபடி மூன்று கவர் போட்டிருக்கிறேன். முதலில் கடிதத்தைப் படித்துவிட்டு அப்புறம் டப்பாவைத் திற.

நம் வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கத்துக்கு நான் எப்படித் தலைவரானேன் என்று உனக்குத் தெரியும். நிர்வாகக் குழுவில் பெண்களுக்கென்று இடம் ஒதுக்கியிருக்கிறார்கள், பெயருக்கு நின்றால் போதும் என்று சொல்லி என்னையும் கல்பனாவையும் நிற்க வைத்தார்கள். பிறகு தலைவர் யார் என்று ஆம்பிளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து மூன்று வாரம் அடித்துக்கொண்டார்கள், கடைசியில் இரண்டு கட்சிக்கும் தொந்தரவு தராத ஆள் யார் என்று தேடி என்னைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அன்றைக்கு நீகூட போனில் சிரித்துக்கொண்டே மேடம் என்று கூப்பிட்டாய். நான்கு வருஷமாக அந்த மேடம் என்ன வேலை பார்த்தாள் என்று கேள். தெருநாய் கடித்தால் என் வீட்டுக்கு வருகிறார்கள். கேபிள் வரவில்லை என்றால் என் வீட்டுக்கு வருகிறார்கள். மூன்றாவது தெரு குப்பம்மாள், மருமகள் சோறு போடவில்லை என்று ராத்திரி வந்து அழுதாள், தலைவர் வந்து கேட்க வேண்டுமாம். இதெல்லாம் தலைவர் வேலையா என்று நான் ஒரு நாளும் யாரையும் கேட்கவில்லை. எது தலைவர் வேலை என்றும் யாரையும் கேட்கவில்லை, அதுதான் இப்போது வந்து கழுத்தைப் பிடிக்கிறது.

நம் காலனியில் கூட்டம் எப்படி நடக்கும் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை செய்கிற ஜனங்கள், ஒருவனுக்குக் காலை ஷிப்ட், ஒருவனுக்கு மத்தியானம், ஒருவன் ராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டு வந்து தூங்குவான். தொண்ணூறு உறுப்பினர்களையும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் உட்கார வைக்க அந்த ஆண்டவரே இறங்கி வந்தாலும் ஆகாது. அதனால் எனக்கு முன்னால் இருந்த தலைவர்கள் காலத்திலிருந்தே ஒரு வழக்கம் இருக்கிறது. கூட்டம் வீட்டுக்கு வரும். தீர்மானப் புத்தகத்தை ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு தணிகைவேல் சைக்கிளில் வருவார், ஷிப்ட் மாறுகிற நேரம் பார்த்து மூன்று வேளையும் வருவார். மேலே பாதிப் பக்கம் காலியாக இருக்கும், கீழே வரிசையாகப் பெயர் எழுதி நம்பர் போட்டிருப்பார், அவரவர் பெயருக்கு நேரே கையெழுத்து. எல்லாரும் போட்ட பிறகு மேலே என்ன தீர்மானமோ அதை அவர் தன் அழகான கையெழுத்தில் எழுதிக்கொள்வார். புருஷன் தூங்கினால் பெண்டாட்டி போடுவாள், பெண்டாட்டி சந்தைக்குப் போயிருந்தால் மாமியார் போடுவாள். இத்தனை வருஷமும் தெருவிளக்கு, சாக்கடை, ஆண்டுக் கணக்கு என்று நல்ல தீர்மானமாகத்தான் எழுதினார்கள், ஒருவருக்கும் ஒரு கெடுதலும் வரவில்லை. கெடுதல் வராததால் அதுதான் சட்டம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

செப்டம்பர் மாதம் ஒரு காலையில் நான் மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன், கையெல்லாம் செதில். தணிகைவேல் வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு, "மேரியம்மா, சும்மா ஆண்டுக் கூட்டம்தான், ஒரு கையெழுத்து போட்டு வுட்டுடுங்க, பொன்னேரி வண்டிய புடிக்கணும்" என்று அவசரப்படுத்தினார். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு தலைவர் என்ற இடத்தில் போட்டு, முத்திரையும் குத்தினேன். மேலே காலிதான். அதோடு விட்டாரா, "அப்படியே மோனிகா பேருக்கும் நீங்களே போட்டுடுங்க, ஒரு ஆளு கொறையுது" என்றார். உனக்கென்று வாங்கிய பத்தொன்பதாம் நம்பர் வீட்டினால் நீயும் உறுப்பினர்தானே. நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. நீ எம் எழுத்தைச் சுழித்துப் போடுவாயே, அதே மாதிரி சுழித்துப் போட்டேன், பார்த்தால் உனக்கே சந்தேகம் வராது. பத்தாம் வகுப்பில் ராங்க் கார்டில் என் கையெழுத்தை நீ போட்டாய் என்று உன்னை விளக்குமாறு பிய்கிற வரைக்கும் அடித்தேனே, அந்தப் புத்தி எங்கே போயிற்று என்று இப்போது என்னையே கேட்டுக்கொள்கிறேன். கம்பெனியில் பேக்கிங்கில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தேன், பெட்டியைத் திறந்து எண்ணாமல் ஒரு சீட்டில் கையெழுத்துப் போட்டதில்லை. சூப்பர்வைசர் கத்தினாலும் போடமாட்டேன். ஊருக்குப் பொதுவான விஷயத்தில் மட்டும் மீன் செதிலோடு போட்டிருக்கிறேன்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை குடத்தோடு போன பெண்கள் காலிக் குடத்தோடு ஓடி வந்தார்கள். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நம் பொது மனை இருக்கிறதே, போர்வெல் இருக்கிற இடம், அங்கே ஜேசிபி நிற்கிறது, நான்கு பேர் கம்பம் நடுகிறார்கள், யாரையும் உள்ளே விடவில்லை என்றார்கள். நம் காலனியில் வாயில் வைக்கிற மாதிரி தண்ணீர் வருவது அந்த ஒரு போரில்தான். மற்ற குழாயெல்லாம் மஞ்சளாக வரும், சோறு வடித்தால் சோறும் மஞ்சளாகும், சோப்பு நுரைக்காது, அதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நான் தலைவர் இல்லையா, புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு போய் அந்த காண்டிராக்டரைப் பிடி பிடி என்று பிடித்தேன். யாரைக் கேட்டு உள்ளே வந்தாய், எவன் உனக்கு அனுமதி கொடுத்தான் என்று கேட்டேன். அந்த மனுஷன் மரியாதையாகத்தான் பேசினான். வண்டியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துவந்து, "நீங்கதாம்மா குட்த்துகீறீங்க" என்று நீட்டினான். காட்டுப்பள்ளி துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர் லாரிகளை நிறுத்தவும் கழுவவும் பொது மனையை ஒன்பது வருஷத்துக்கு விடுவதாக ஏகமனதாகத் தீர்மானம், கீழே என்னுடையதையும் சேர்த்து அறுபது கையெழுத்து, அதற்கும் கீழே என் முத்திரை. இருபது பெண்கள் குடத்தோடு என் பின்னால் நின்றார்கள் மோனி. நான் அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடி இல்லாமல் படிப்பதுபோல நின்றேன், திரும்பி அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

தணிகைவேலிடம் போய்ச் சண்டை போட்டேன். அவர் கெட்டவர் என்று சொல்லி முடித்துவிட்டால் எனக்கும் சுலபமாக இருக்கும், ஆனால் அவர் அப்படி நடந்துகொள்ளவும் இல்லை. "காம்பவுண்டு கட்டித் தரேன், லைட்டு போட்டுத் தரேன்னு சொன்னாம்மா, நல்லதுக்குத்தான் எழுதினேன். நான் சம்பளத்துக்குக் கீறவன், நீங்கதான் தலைவரு, வேணாம்னா அன்னிக்கே சொல்லியிருக்கலாமே" என்றார். எழுதாத பக்கத்தைப் பார்த்து நான் எதை வேண்டாம் என்று சொல்வது. துணைத் தலைவர் அன்புசெல்வன் இருக்கிறாரே, கட்சிக்காரர், அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு இதற்கு முழுப் பொறுப்பும் தலைவர்தான் என்று தெருவில் நின்று சொல்கிறார், அவர் கையெழுத்து அதே பக்கத்தில் நான்காவதாக இருக்கிறது. மற்ற ஐம்பத்தேழு பேரும் வருகைக்குத்தான் போட்டோம் என்கிறார்கள். எந்த இடத்துக்கு வந்தார்கள், எந்தக் கூட்டத்துக்கு வந்தார்கள் என்று கேட்டால் கோபம் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால் இயேசுவுக்கே புகழ் என்று எனக்கு வணக்கம் சொல்கிறவர்கள் பாதிப் பேர் குறைந்துவிட்டார்கள்.

அப்புறம்தான் பீரோவில் கிடந்த, சங்கத்தின் சட்டதிட்டமெல்லாம் இருக்கிற துணைவிதிப் புத்தகத்தை எடுத்துக் கண்ணாடி போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படித்தேன். நான்கு வருஷம் கழித்துப் படிக்கிறேன், சிரிக்காதே. எல்லாம் அதில் இருக்கிறது. தீர்மானத்தைக் கூட்டத்திலேயே எழுதி, எல்லாருக்கும் வாசித்துக் காட்டி, அதற்குப் பிறகுதான் தலைவர் கையெழுத்துப் போட வேண்டும். புத்தகம் சங்க அலுவலகத்தை விட்டு வெளியே போகக் கூடாது. செயலாளர் நிர்வாகக் குழு சொல்வதைச் செய்கிற ஊழியர், அவராக முடிவெடுக்க முடியாது. நாயும் கேபிளும் மருமகளும் எங்கேயும் இல்லை. இருபத்தேழாவது பக்கத்தில் ஒன்று இருந்தது, பொது மனையைப் பற்றி எந்த முடிவு எடுத்தாலும் மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் கூட்டத்தில் இருக்க வேண்டும் என்று. தொண்ணூறில் அறுபது. புத்தகத்தில் சரியாக அறுபது, ஒன்று குறைந்தாலும் தீர்மானம் செல்லாது. ஒரு ஆள் குறைகிறது என்று தணிகைவேல் ஏன் சொன்னார் என்று அன்றைக்கு ராத்திரிதான் எனக்குப் புரிந்தது. அந்த அறுபதாவது நீ.

முதலில் கல்பனாவிடம் போனேன். அவள் புருஷன் அந்தத் தேதியில் ராத்திரி ஷிப்ட் முடித்து ஓவர்டைமும் பார்த்தான், அவன் கையெழுத்தும் புத்தகத்தில் இருக்கிறது, கம்பெனிப் பதிவை வாங்கிக் கொடுத்தால் அவன் கூட்டத்தில் இல்லை என்று தெரிந்துவிடும். அவள் அழாத குறையாக, "அக்கா, காண்டிராக்ட்ல இருக்கிற வேல, கேஸு கீஸுன்னு தெரிஞ்சா நாளைக்கே வர வேணாம்னுடுவான், என்னெ வுட்டுடு" என்றாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்னும் நான்கு வீட்டில் கேட்டேன், எல்லாரும் அது எங்கள் வீட்டு ஆள் போட்டதுதான் என்று சாதிக்கிறார்கள். காகிதத்தைக் காட்டிப் பொய் என்று நிரூபிக்க முடிவது உன் கையெழுத்து ஒன்றைத்தான். போன வருஷம் கிறிஸ்துமஸுக்கு வந்தவள் ஜனவரியில் விமானம் ஏறினாய், அதற்குப் பிறகு நீ இந்தியாவில் கால் வைக்கவில்லை, அது உன் பாஸ்போர்ட்டில் குத்தியிருக்கிறது.

இதை நான் யோசிப்பதற்கு முன்பே அவர்கள் யோசித்துவிட்டார்கள். போன வாரம் தணிகைவேலும் அன்புசெல்வனும் வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் உட்கார்ந்து பேசினார்கள். வெளிநாட்டில் இருக்கிற உறுப்பினர், வீட்டு ஆளுக்கு எழுத்தில் அதிகாரம் கொடுத்தால் அவர் கலந்துகொள்ளலாம் என்று துணைவிதியில் இருக்கிறதாம், இருக்கத்தான் இருக்கிறது, நானும் படித்தேன். அதனால் ஆகஸ்டு மாதத் தேதி போட்டு, என் அம்மா எனக்காகக் கையெழுத்துப் போடலாம் என்று நீ ஒரு வரி எழுதி அனுப்பினால் போதுமாம், தீர்மானமும் நிற்கும், எனக்கும் ஒன்றும் ஆகாது. உன் அப்பாவுக்கு அது தேவவாக்கு மாதிரி ஆகிவிட்டது. "இன்னா மேரி, பேஜாரு புடிச்ச வேலையா கீது, ஒரு லெட்டரோட முட்ச்சிக்கலாம், வயசான காலத்துல கோர்ட்டு படி ஏறிக்கினு இருப்பியா" என்று என்னைத் திட்டினார். திட்டிவிட்டு அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை, எனக்காகப் பயப்படுகிறார் என்று தெரியும். இந்த வாரத்தில் அவரே உனக்கு போன் செய்து அந்தக் கடிதத்தைக் கேட்பார். எப்படி எழுத வேண்டும் என்று மாதிரியும் தணிகைவேல் எழுதிக் கொடுத்திருக்கிறார், உன் வாட்ஸ்அப்புக்கு வரும். அதை எழுதாதே. அப்பாவிடம் சண்டையும் போடாதே, வேலை அதிகம், பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லிக்கொண்டிரு.

நீ எழுத வேண்டியது வேறு. போன செவ்வாய்க்கிழமை கண் டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்று உன் அப்பாவிடம் பொய் சொல்லிவிட்டு, பெரியபாளையத்தில் பஸ் மாறி திருவள்ளூர் போனேன். கூட்டுறவு அலுவலகத்தில் ஒரு பெண் அதிகாரி இருந்தார், உன் வயதுதான் இருக்கும். நடந்ததை முதலிலிருந்து கைப்பட எழுதிக் கொடுத்தேன். காலிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டதையும், கூட்டமே நடக்காததையும், உன் கையெழுத்தை நான் போட்டதையும் எழுதினேன். அவர் இரண்டு தடவை படித்தார். "இது உங்க மேலயே நீங்க குடுக்கிற புகாரும்மா, பதவி போயிடும், இனிமே எலெக்‌ஷன்ல நிக்க முடியாது, அவங்க போலீஸுக்குப் போனா கேஸும் வரலாம், தெரியுமா" என்று கேட்டார். தெரியும் என்றேன். பஸ்ஸில் போகும்போது தெரிந்ததைவிட அப்போது அதிகமாகத் தெரிந்தது, தண்ணீர் வாங்கிக் குடித்தேன். அவர் நல்ல மாதிரியாகத்தான் சொன்னார், நான் சொல்வதை மட்டும் வைத்து தீர்மானத்தை ரத்து செய்ய முடியாதாம், மற்றவர்கள் இது பொய் என்று சொல்லிவிட்டால் அதோடு சரி, காகிதம் வேண்டுமாம். இருபத்தெட்டாம் தேதி காலை பதினொரு மணிக்கு விசாரணை வைத்திருக்கிறார். கம்பம் நட்டதோடு வேலை நிற்கிறது, அதுவரைக்கும் நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்கிறார், புகார் கொடுத்தது யார் என்று மட்டும் விசாரணை வரைக்கும் வெளியே சொல்லமாட்டாராம். ஆனால் மனையை இன்னும் திறந்துவிடவில்லை, தண்ணீருக்கு இப்போது பெண்கள் ஜிஎன்டி ரோட்டைத் தாண்டிப் போகிறார்கள், அந்த ரோட்டில் லாரி எப்படி வரும் என்று உனக்குத் தெரியும். நேற்று பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண் பிள்ளைகள் குடத்தோடு நடுரோட்டில் நின்றதை என் கண்ணால் பார்த்தேன்.

அதனால் நீ செய்ய வேண்டியது இதுதான். பாஸ்போர்ட்டில் ஜனவரி முத்திரை இருக்கிற பக்கத்தை நகல் எடு. இந்தக் கையெழுத்து என்னுடையது அல்ல, நான் யாருக்கும் அதிகாரம் கொடுக்கவில்லை என்று ஒரு தாளில் எழுதி, அங்கே நம் தூதரகத்தில் சான்று வாங்கி, அலுவலகத்துக்கு அனுப்பு. முகவரியும் மெயிலும் பின்தாளில் எழுதியிருக்கிறேன். மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டே செய், மறைத்துச் செய்து என்னைப் போல மாட்டிக்கொள்ளாதே. உனக்கு இதனால் ஒன்றும் வராது என்று அந்த அதிகாரியிடம் கேட்டுக்கொண்டுதான் வந்தேன். அம்மாவை எப்படிக் காட்டிக்கொடுப்பது என்று அழுதுகொண்டு உட்காராதே. நான் ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டேன், அதைத் திரும்ப வாங்க முடியாது. நீ சும்மா இருந்தால் நான் தப்பிக்கப் போவதில்லை, பதவியும் போய், பொய் சொன்னாள் என்ற பேரும் வந்து, லாரியும் உள்ளே வரும்.

ஜெரினுக்கு இருமல் இன்னும் இருந்தால் ஏசியைக் குறைத்து வை, ராத்திரியில் தயிர் கொடுக்காதே. நீ டபுள் டியூட்டி பார்ப்பதைக் கொஞ்சம் குறை, போன தடவை வீடியோவில் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. எங்கே எதில் கையெழுத்துக் கேட்டாலும் மேலே என்ன இருக்கிறது என்று படி, ஆஸ்பத்திரியில் நர்ஸுகளிடம் நீட்டுகிற எந்தத் தாளாக இருந்தாலும் சரி. பத்தொன்பதாம் நம்பர் வீட்டை வாரம் ஒரு தடவை திறந்து பெருக்குகிறேன், அதைப் பற்றிக் கவலைப்படாதே. இருபத்தெட்டாம் தேதி காலையில் உன் அப்பாவுக்கு நாஷ்டா வைத்துவிட்டு எல்லாவற்றையும் நானே சொல்லி, கூட வருகிறாரா என்று கேட்பேன். வருவார் என்றுதான் நினைக்கிறேன், திட்டிக்கொண்டாவது வருவார். மாதா உன்னையும் உன் குடும்பத்தையும் தன் கைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், என் ஆசீர் எப்போதும் உங்களுக்கு உண்டு. மறக்காதே, இருபத்தைந்தாம் தேதிக்குள் அந்தத் தாள் திருவள்ளூர் வந்துசேர வேண்டும். ஒன்றே ஒன்று. அதை எழுதும்போது, அம்மா வயதானவள், விவரம் புரியாமல் போட்டுவிட்டாள் என்று என் மேல் இரக்கப்பட்டு ஒரு வரி சேர்க்க உனக்குத் தோன்றும். சேர்க்காதே. உன் பெயர் என்று தெரிந்துதான் போட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா,
இ. ஆரோக்கியமேரி
(இருபத்தெட்டாம் தேதி வரை சங்கத் தலைவர்)